விளக்கைத் தரையில் வை

பெரம்பலூர்,
3.10.1983

என் மருமகள் பஞ்சவர்ணத்துக்கு, உன் தாய்மாமனும், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குத் தெற்கே உள்ள சகல சோடா சாம்ராஜ்யங்களுக்கும் ஒரே சக்கரவர்த்தியுமான அமிர்தலிங்கம் ஆசீர்வதித்து எழுதுவது.

இந்தக் கடிதத்தில் ஒரு கதை சொல்லப்போகிறேன். சோடா மிஷின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன், அதை நீ நம்பமாட்டாய். நீ என்ன, கோர்ட்டில் ஜட்ஜ் நம்பமாட்டார், கோயிலில் சாமி நம்பாது. என்னைப் பெற்றவளே நம்பவில்லை. இத்தனைக்கும் அவள் அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அதற்கு முன்னால் உன் கார்டு. இரண்டு வருஷம் கழித்து நாலே வரி. "சோடாவுக்கு ஏற்றும் கேஸ் சிலிண்டர் ஒன்று வேண்டும். மீன் தொட்டியில் பாசிக்கு விட. காரணம் கேட்காதீர்கள். வீட்டுக்கு வராதீர்கள்." நாலாவது வரி கண்ணில் தூசியாக உறுத்திக்கொண்டிருக்கிறது, போ.

அப்படி என்ன செய்துவிட்டேன்? உன் கல்யாணப் பந்தியில், "மாப்பிள்ளை வைரக்கண்ணுவின் லாரி மேடு வந்தால் அவரை இறக்கிவிட்டுத் தானே ஏறிவிடும், நாங்கள் பெண் கொடுத்தது லாரிக்குத்தான், டிரைவருக்கு இல்லை" என்றேன். பந்தியே சிரித்தது. மாப்பிள்ளை மட்டும் இலையை மூடிவிட்டு எழுந்தார். தலைதீபாவளிக்கு, "ஆனை அனுப்புகிறேன், கட்ட இடம் பார்" என்று தந்தி அடித்தேன். அதை நம்பி உன் மாமியார் கிருஷ்ணம்மாள் கொல்லையில் மாட்டுக் கொட்டகையைப் பிரித்தால் அது ஆனையின் குற்றமா, என் குற்றமா?

சரி, கதை. என் கம்பெனிப் பின்கட்டில் பாட்டில் அடுக்கும் பள்ளம் இருக்கிறதல்லவா? முன்பு ஒரு சிலிண்டரை அதற்குள் வைத்திருந்தேன். அதிலிருந்து ஒரு பூதம் கசிந்து வந்து தரையோடு படுத்துக்கொண்டது. வாடை கிடையாது, நிறம் கிடையாது, சத்தம் கிடையாது. அரிக்கேன் விளக்கோடு நான் இறங்கினேன். முதலில் விளக்கைத் தின்றது. அடுத்து என்னைத் தின்ன வந்தது. மூன்று பகல் மூன்று இரவு மல்யுத்தம். கடைசியில் நம் கம்பெனி ஆள் வேம்பு மேலிருந்து குனிந்து என் இடது மீசையைப் பிடித்து ஒரே தூக்கு! மீசையோடு நான், என் காலைப் பிடித்தபடி பூதம், பூதத்தின் காலைப் பிடித்தபடி பெரம்பலூர் தாலுக்காவில் பாதி, எல்லாம் வெளியே வந்தன. பூமி பெயர்ந்த அந்த இடத்தில்தான் இன்று ஊர் ஏரி இருக்கிறது. அன்று முதல் என் இடது மீசை வலது மீசையைவிட ஒரு நெல் நீளம் கூடுதல்.

அந்தப் பூதத்தைத்தான் வேம்புவோடு அனுப்புகிறேன். எப்போதும் நிமிர்த்தியே வை. மேல் வால்வை மெல்லத் திற, ரெகுலேட்டர் முள் லேசாக அசைந்தால் போதும். செப்புக் குழாயும் மற்றக் குழாயும் சேரும் இடத்தில் அரைஞாண் மாதிரி சுற்றிக் கட்டு. வெளிச்சம் இருக்கும்வரைதான் பாசி அதைத் தின்னும், பொழுது சாய்ந்தால் மூடிவிடு. காற்று போகவர இருக்கும் இடத்தில் வை, இல்லாவிட்டால் பூதம் விளக்கைத் தின்னும்.

மாப்பிள்ளையிடம் என் பெயரைச் சொல்லாதே. சொன்னால் பாசி வாடிவிடும்.

அமிர்தலிங்கம்


அரியலூர்,
10.10.1983

மாமாவுக்கு,

சிலிண்டர் வந்து சேர்ந்தது. வேம்பு அண்ணன் வாசலிலேயே இறக்கிவிட்டார். "உள்ள வாங்கண்ணே, ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றேன். "வேணாம்மா, மாப்பிள்ளை கோவிச்சுக்குவாரு" என்று போய்விட்டார். உங்களால் அவருக்கும் தண்ணீர் இல்லாமல் போயிற்று.

நான் கேட்டது சிலிண்டர். நீங்கள் அனுப்பியது புராணம். அடுப்பில் போட்டிருப்பேன், வால்வு திறக்கிற விவரம் அதன் வாலில் இருந்ததால் தப்பித்தது.

காரணம் கேட்காதீர்கள் என்று எழுதினேன். இப்போது நானே சொல்கிறேன். ஆடி மாதம் சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும்போது அவர் லாரி கவிழ்ந்தது. தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு கட்டுக் கட்டும் வைத்தியர், மெத்தை கூடாது, கட்டில் கூடாது, கெட்டித் தரையில் பாய் போட்டுத்தான் படுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். பார்க்க வந்தவர்களில் ஒருத்தர் வாசலில் நின்றே சொன்னார்: "லாரி டிரைவர எறக்கிவுட்டுட்டுத் தானே போயிருச்சாம்ல. பொண்ணோட மாமன் அன்னிக்கே சொன்னான்யா." உள்ளே அவர் காதில் விழுந்தது. அன்றைக்குச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினவர்தான். சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம். எலும்பு கூடிவிடும் மாமா, இந்த மனுஷன் கூடுவாரா என்பதுதான் என் பயம்.

அவர் கண் போகிற ஒரே இடம் மீன் தொட்டி. மெட்ராஸுக்கு லோடு போனபோது ஆசையாக வாங்கிவந்து தலைமாட்டு மேஜையில் வைத்தது. அதிலும் பாசி எல்லாம் நுனியிலிருந்து மஞ்சளாகி அழுக ஆரம்பித்தது. அதுவும் போனால் பார்க்க என்ன இருக்கிறது? பி.யு.சி.யில் படித்தது ஞாபகம் வந்தது, இலைக்குக் கரியமிலவாயுதான் சோறு. சோடாவில் பொங்குவதும் அதுதானே?

அவருக்குக் குளுக்கோஸ் ஏற்றிய குழாயை நான் தூக்கிப் போடவில்லை. சொட்டு விழும் குடுவையில் பாதி தண்ணீர் விட்டுத் தலைகீழாகக் கட்டினேன். கேஸ் அதற்குள் குமிழ் குமிழாக ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது. சொட்டைக் குறைக்கும் உருளையை நெருக்கினால் குமிழும் குறைகிறது. தண்ணீருக்குள் இருக்கும் நுனியில் பிரம்புத் துண்டு செருகினேன், புகை மாதிரிப் பொடிப் பொடியாக வருகிறது. நீங்கள் சொன்னபடியே அரைஞாண் கட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் இலை விளிம்பெல்லாம் முத்து முத்தாகக் காற்று. அவர் தலையைத் திருப்பினார். "என்னாடி இது, பாசிக்கு வேர்க்குது?" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி.

சந்தையில் சோடாக் கடைக்காரரிடம் வாங்கினேன் என்று சொல்லியிருக்கிறேன். நாலாவது வரி அப்படியே இருக்கட்டும்.

பஞ்சவர்ணம்


பெரம்பலூர்,
15.10.1983

மருமகளே,

குளுக்கோஸ் குழாயில் சோடா கேஸ்! உன் கடிதத்தைக் கம்பெனியில் உரக்கப் படித்தேன். கோலிகள் எல்லாம் பாட்டில் கழுத்தில் எழுந்து நின்று கைதட்டின. வெளிநாட்டில் இதற்கு ஆயிரம் ரூபாய்க்கு சாமான் விற்கிறானாம். உன்னை அவன் கண்ணில் காட்டினால் கடையை மூடிவிட்டு வேப்பந்தட்டைப் பக்கம் சோளம் விதைக்கப் போய்விடுவான்.

வாசலில் நின்று ஒருத்தர் சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த இடத்தை உரக்கப் படிக்கவில்லை.

இனி நான் எழுதுவதில் பூதம் இல்லை, ஏரி இல்லை. நீ மாப்பிள்ளையைத் தரையில் படுக்க வைத்திருக்கிறாய். தொட்டி தலைமாட்டில் என்கிறாய். அப்படியானால் சிலிண்டர் எங்கே? ஜன்னல் திறந்திருக்கிறதா? காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றனவா? மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறதா, தலை வலிக்கிறதா? கேட்டுப் பார். பதிலை உடனே எழுது. கார்டே போதும், திட்டவேண்டுமானால் அடுத்த கார்டில் திட்டிக்கொள்ளலாம்.

சிரிக்காமல் கேட்கிறேன் பஞ்சு.

அமிர்தலிங்கம்


அரியலூர்,
22.10.1983

மாமாவுக்கு,

ஒரு வாரமாக மழை விடவில்லை. தாமதத்துக்கு அதுதான் காரணம், கோபம் இல்லை. கோபமும் உண்டு, அது பின்னால் வருகிறது.

சிலிண்டர் அவர் தலைமாட்டில், மேஜைக்குப் பக்கத்தில் நிற்கிறது. கண்ணுக்கு அசிங்கமாக இருப்பதால் பழைய புடவையைத் திரையாகக் கட்டி மறைத்திருக்கிறேன். சாரல் அடிப்பதால் ஜன்னலைச் சாத்திச் சாக்கு வைத்து அடைத்தாயிற்று. கட்டுப் போட்ட கால் நனையக் கூடாதல்லவா? மீன்கள் மேலே வந்து வாயைத் திறப்பது உண்மைதான். பசி என்று பொரி போட்டேன், தின்னவில்லை.

நேற்று என் மாமியார் பெருக்கும்போது திரை விலகிவிட்டது. சிலிண்டரின் பின்பக்கம் "அமிர்தம் சோடா, பெரம்பலூர்" என்று நீங்கள் பெயிண்டில் எழுதியிருக்கிறீர்கள். பெயரை மறைக்கச் சொல்லும் ஆள் முதலில் அதையல்லவா சுரண்டியிருக்க வேண்டும்? "அந்த ஆளு மூச்சுலயா என் வூட்டுப் பாசி வளருது?" என்று அவர் படுத்த இடத்திலிருந்தே கத்தினார். கத்தியபின் வெகுநேரம் மூச்சிரைத்தது. தொட்டியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். எடுக்கச் சொல்லவும் மனசு வரவில்லை அவருக்கு.

காலையில் தலை கனக்கிறது என்கிறார். மழைக்காலத்து நீர்க்கோவை, சுக்குப் பற்றுப் போட்டிருக்கிறேன். ஆனால் ஒரு நல்ல சேதி, இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறார். முன்பு வலியில் புரண்டு தவித்தவர், இப்போது பகலிலும் அசந்துபோகிறார். எழுப்பினாலும் சீக்கிரம் எழுந்திருப்பதில்லை.

நீங்கள் பயமுறுத்துவது கேஸ் கசிவைப் பற்றித்தானே? நானும் படித்தவள்தான். மோந்து பார்த்தேன், ஒரு வாடையும் இல்லை. எதிர்வீட்டில் சமையல் கேஸ் வாங்கியிருக்கிறார்கள், கொஞ்சம் கசிந்தாலே தெரு மணக்கிறது. அதிலும் திருப்தி வராமல், குழாய் சேரும் இடத்தில் தீக்குச்சி கிழித்துக் காட்டினேன். பற்றிக்கொள்ளவே இல்லை மாமா. குச்சிதான் அணைந்துபோயிற்று. அதனால் ஒன்றும் பயமில்லை. உங்கள் விளக்கு தின்னும் பூதத்தைப் பெரம்பலூரிலேயே கட்டிவையுங்கள்.

பஞ்சவர்ணம்


பெரம்பலூர்,
25.10.1983

பஞ்சு,

தபாலாபீஸ் கவுண்டரில் நின்றுகொண்டு எழுதுகிறேன். உன் கடிதம் நேற்றுக் கடைசி பஸ்ஸில் வந்த தபாலில் இருந்திருக்கிறது. இன்று காலையில்தான் கையில் கிடைத்தது. தீக்குச்சி அணைந்த இடத்தைப் படித்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். வீட்டுக்கு வராதே என்ற நாலாவது வரிகூட ஞாபகம் இல்லை. மருதையாற்றில் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது, அரியலூர் பஸ் ஒன்றும் இல்லை. போன் கேட்டேன், லைன் செத்துக் கிடக்கிறது. தந்தி மட்டும் போகும் என்றார்கள்.

"சிலிண்டரை வெளியே போடு, ஜன்னலைத் திற, உயிருக்கு ஆபத்து" என்று முதலில் எழுதினேன். நீட்டப் போகும்போது அதை மாப்பிள்ளை படிப்பதுபோல் கண்ணில் வந்தது. "முன்ன ஆனை, இப்ப ஆபத்தா?" என்று கிழித்துப் போடுவார். நீயும் சும்மா இருப்பாய். உன்னையும் குறை சொல்ல மாட்டேன், ஊரெல்லாம் அப்படித்தான். என் பேச்சை நம்ப அந்த வீட்டில் ஆள் இல்லை. ஆனால் என்னைப் பொய்யனாக்கிப் பார்க்க ஆசைப்படும் ஆள் ஒருத்தர் இருக்கிறார். அந்த மாப்பிள்ளையை நம்பி, அவர் பெயருக்கே அடித்துவிட்டேன்:

"விளக்கைத் தரையில் வை அணையாவிட்டால் மீசை உனக்கு. அமிர்தலிங்கம்."

குச்சி பற்றாமல் அணைந்தது நல்ல சகுனம் இல்லை பஞ்சு. அந்தக் கேஸ் எரியாது, எரிவதை அணைக்கும். தரையோடு தங்கும். அவர் தூங்குவது தூக்கம் இல்லை.

இந்தக் கடிதம் திருச்சி சுற்றி ரயிலில் வரும். தந்திதான் முந்தவேண்டும். நான் ஆற்றங்கரைக்குப் போகிறேன். தண்ணீர் வடிகிற நிமிஷம் இறங்கி நடப்பேன்.

மாமா


அரியலூர்,
28.10.1983

மாமாவுக்கு,

முதலில் ஒன்று. அவர் இருக்கிறார். இதைப் படித்துவிட்டு உட்காருங்கள், மிச்சத்தைச் சொல்கிறேன்.

அன்று மத்தியானம் தந்திக்காரரைப் பார்த்ததுமே என் மாமியார் யாரோ போய்விட்டார்கள் என்று மாரில் அடித்துக்கொண்டார். பிரித்தேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தார்கள். எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தேன்: "விளக்கைத் தரையில் வை, ஆனையா விட்டால் மீசை உனக்கு."

"மறுபடியும் ஆனையா!" என்றார் என் மாமியார். "இன்னொரு கொட்டாயப் பிரிக்க என்னால ஆவாதுடியம்மா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மனுஷன் படுத்துக் கிடக்கிற வீட்டுக்கு இப்படி ஒரு தந்தியா என்று சுருட்டி எறியப் போனேன். தூங்குகிறார் என்று நினைத்த அவர் கையை நீட்டினார். "குடு இங்க." வெகுநேரம் பார்த்தார். கண்ணே நிற்கவில்லை அவருக்கு. பிறகு சிரித்தார் மாமா. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். "ஆனை இல்லடி. அணையாவிட்டால். வெளக்கு அணையலன்னா மீசை எனக்காம். கொண்டாடி வெளக்க. அந்த ஆளு மீசைய எடுக்காம வுடமாட்டேன்."

சிம்னி விளக்கை ஏற்றி மேஜைமேல் வைத்தேன். நன்றாகத்தான் எரிந்தது.

"தரையிலன்னுல்ல எழுதிருக்கான்? நீ மாமனுக்குச் சாதகமா மேல வைக்கிற" என்றார். எனக்கா சாதகம்? கோபத்தில் எடுத்து அவர் தலையணைக்கும் சிலிண்டருக்கும் நடுவே, தரையில், ணங்கென்று வைத்தேன்.

யாரோ திரியை இறக்குவது மாதிரி சுடர் சுருங்கிற்று. அப்புறம் அணைந்தது.

காற்று அடித்திருக்கும் என்றேன். காற்று எங்கே இருக்கிறது அந்த அறையில்? திரும்ப ஏற்ற ஒரு குச்சி கிழித்துக் குனிந்தேன். விளக்கைத் தொடும் முன்னே குச்சி அணைந்தது. இன்னொன்று. அதுவும். யாரும் சிரிக்கவில்லை. வாசற்படியில் நின்ற என் மாமியார்தான் கத்தினார்: "அடியே, இது பாழுங்கெணத்துக் காத்துடி! கெணத்துல எறங்கறவன் வெளக்க வுட்டுப் பாப்பானே, அதுடி! இழுடி அவன!"

பாயோடு இழுத்தோம். கால் கட்டு நிலைப்படியில் மோதி அவர் அலறிய அலறல் தெருவுக்கே கேட்டது. அலறட்டும் என்று இழுத்தேன். வாசல் சாரலில் கொண்டுபோய்ப் போட்டோம். வேர்த்துக் கொட்டியது, உதடு ஒரு மாதிரியாக இருந்தது. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. வெகுநேரம் கழித்துக் கண் தெளிந்து என்னைப் பார்த்தார். "ரெண்டு மூணு நாளா மூச்சு வாங்குது பஞ்சு. சொன்னா தொட்டிய எடுத்துருவியேன்னு சொல்லல" என்றார்.

நான் முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடி, ஜன்னல் சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். குழாய் சேரும் இடம் கழன்றே கிடந்தது. அரைஞாண் மாதிரி கட்டு என்று எழுதினீர்கள். நான் நிஜமாகவே ஓர் அரைஞாண் கயிற்றை, ஒரு விரல் நுழைகிற மாதிரி தளர்வாகக் கட்டியிருந்தேன். அரைஞாணை யாராவது இறுக்கிக் கட்டுவார்களா? இனிமேல் கம்பி என்றால் கம்பி என்று எழுதுங்கள்.

டாக்டர் வந்து பார்த்தார். கட்டு பிசகவில்லை. தலைவலி போய்விட்டது. நேற்று அவரே, சிலிண்டரைக் கொல்லையில் நிறுத்தி ஜன்னல் வழியாகக் குழாய் விடச் சொன்னார். செப்புக்கம்பியால் நானே முறுக்கினேன். பாசி நன்றாக இருக்கிறது.

நீங்கள் ஆற்றில் இறங்கப் பார்த்ததாகவும், உங்களைக் கயிறு போட்டுக் கரைக்கு இழுத்து வந்ததாகவும் ஒரு பஸ் கண்டக்டர் சொல்லிவிட்டுப் போனார். இது புளுகா நிஜமா தெரியவில்லை. உங்கள் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. படித்துக் காட்டினேன். லாரிப் பேச்சு ஞாபகம் வந்ததோ என்னவோ, கடிதத்தை வாங்கி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். பிறகு எழுதிக்கொள் என்றார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"பந்தயத்துல நான் தோத்துட்டேன். மீசை தப்பிச்சுதுன்னு சொல்லு. ஆனா அதுல ஒண்ணு நீளம்னு எழுதிருக்காராமே, அத நான் கண்ணால பாக்கணும். வூட்டுக்கு வரச் சொல்லு. ஆனை மட்டும் வேணாம்."

வாருங்கள் மாமா.

பஞ்சவர்ணம்


பெரம்பலூர்,
1.11.1983

மருமகள் பஞ்சவர்ணத்துக்கும், பந்தயத்தில் தோற்று உலகத்தை ஜெயித்த மாப்பிள்ளை வைரக்கண்ணுவுக்கும், மருதையாற்று வெள்ளத்தை ஒரே வாயில் குடித்து வற்றவைத்த அமிர்தலிங்கம் எழுதுவது.

கண்டக்டர் சொன்னதை நம்பவேண்டாம். கயிறு போட்டு என்னை யாரும் இழுக்கவில்லை, நான்தான் ஆற்றை இழுத்தேன். கொஞ்சம் மேற்கே தள்ளியும் வைத்துவிட்டேன். இனிமேல் மழை பெய்தாலும் பஸ் நிற்காது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். வேம்புவும் வருகிறான், அவனுக்கு முதலில் தண்ணீர் கொடு. மாப்பிள்ளைக்குப் பன்னீர் சோடாவும், உன் மாமியாருக்குக் கொட்டகை போட நாலு மூங்கிலும் கொண்டுவருகிறேன். மாப்பிள்ளையிடம் பந்தியில் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவேண்டும். அதைக் கடிதத்தில் எழுதினால் அலங்காரம் ஒட்டிக்கொள்ளும். நேரில் என்றால் தப்பாமல் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

முதல் கடிதத்துக் கதையை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மல்யுத்தம் பொய். மூன்று நாள் பொய், வேம்பு கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்த நேரம்தான். பாதித் தாலுக்கா பொய். ஏரியை வெட்டியவன் எவனோ. விளக்கு அணைந்ததை நீங்களே பார்த்துவிட்டீர்கள், அது என் புளுகுக் கணக்கில் சேராது. நான் பூதத்தோடு சண்டை போடவே இல்லை பஞ்சு. அந்தத் தரையில் சுகமாகப் படுத்திருந்தேன். எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. அதனால்தான் நீ "நன்றாகத் தூங்குகிறார்" என்று எழுதியதைப் படிக்கும்போதே செருப்பை மாட்டத் தொடங்கிவிட்டேன். வேம்பு பள்ளத்தில் குதிக்காமல், மூச்சை அடக்கிக்கொண்டு குப்புறப் படுத்து, கைக்கு எட்டியதைப் பிடித்து இழுத்தான். எட்டியது மீசை.

மாப்பிள்ளையை ஸ்கேலோடு தயாராக இருக்கச் சொல். ஒரு நெல் நீளம் என்று எழுதியது புளுகு. உமியை நீக்கிவிட்டு அரிசி நீளம் என்று வைத்துக்கொள்ளட்டும். அது நிஜம்.

அமிர்தலிங்கம்